நீ பேசும்போது பாம்பூஃப்ளாட் கேட்கிறது

நேற்று சாயங்காலம் உங்கள் லம்பா லைன் வீட்டில் உன் அப்பா, உன் மனைவி, நான் ஆகிய மூவரும் கூடி, காபி ஆறி ஆடை படியும்வரை விவாதித்து, இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் இதுவரை யாரும் துணியாத ஒரு முடிவை எடுத்திருக்கிறோம். இனி வியாழக்கிழமைகளில் வயர்லெஸ் ஆபீஸுக்குப் போய் உன்னோடு பேசும்போது, நம் தரப்பில் யாரும் உன்னிடம் "சாப்பிட்டியா" என்று கேட்பதில்லை. உன் அப்பா கடுமையாக எதிர்த்தார். "பெத்த பிள்ளைகிட்ட சாப்பிட்டியான்னு கேக்காம வேற என்னத்தக் கேக்க? அங்க மழை பெய்யுதான்னா?" என்றார். மழையைப் பற்றிக் கேட்கலாம் என்று ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. பிறகு தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது. ஆதரித்துக் கையைத் தூக்கிய உன் மனைவி, அதை இறக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது அவைக்குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை கார் நிக்கோபாரிலிருந்து நீ முதன்முதலாகப் பேசினாய். அவள் உன்னிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். நீ சொன்னது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. "மெஸ்ஸுல சாப்பிட்டேன், வாயில வைக்க முடியல. அம்மாவும் அப்பாவும் ஞாயித்துக்கிழமை பாம்பூஃப்ளாட்டுக்குப் போயிருவாங்கல்ல, அப்புறம் ராத்திரி நீ தனியாவா இருப்ப? பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கிட்டு இருந்துச்சே, மாத்தியாச்சா? ஓவர்." அவளும் உண்மையே பேசும் குலத்தில் பிறந்தவள், "இன்னும் மாத்தல, ஓவர்" என்றாள். மறுநாள் காலை நான் துணிமணி எடுத்துவர ஃபெரியில் பாம்பூஃப்ளாட்டில் உள்ள நம் வீட்டுக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதர் மிகுந்த பிரியத்தோடு, இந்தியில் அண்ணி முறை வைத்து என்னிடம் சொன்னார்: "பாபி, லம்பா லைன் வீட்டுப் பின்கதவுக்குத்தானே தாழ்ப்பாள் வேணும்? நம்மகிட்ட பக்கா பித்தளைச் சாமான் இருக்கு. ஞாயித்துக்கிழமை கழிச்சு வந்து போட்டுத் தர்றேன், தீக் ஹை?" அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கு நம் தாழ்ப்பாளைத் தெரிந்திருந்தது. வீட்டில் ஆள் குறையும் கிழமையும் தெரிந்திருந்தது. அவர் நல்லவராகவே இருக்கலாம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பவில்லை. உன் அப்பா தாழ்ப்பாளை மாற்றிவிட்டார். அதற்காக நீ அவரை வயர்லெஸ்ஸில் பாராட்ட வேண்டாம்.

அந்த ஆபீஸில் காதில் மாட்டிக்கொள்ளக் கருவியைத் தருகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள், பக்கத்தில் இருக்கும் ஆபரேட்டர் நாகரிகமாக வேறுபக்கம் பார்க்கிறார். இதனால் மனிதனுக்குத் தான் ஓர் அறைக்குள் இருப்பதாக ஒரு மயக்கம் வருகிறது. நீ அறைக்குள் இல்லை. கடலுக்கு மேலே இருக்கிறாய். நல்ல ரேடியோப் பெட்டி வைத்திருக்கும் எவரும், முள்ளைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் நகர்த்தினால், நீ மூக்கை உறிஞ்சுவதுகூடக் கேட்கும். இந்தத் தீவுகளில் மாதத்துக்கு இரண்டு கப்பல் வந்தால் அது நல்ல மாதம். பேப்பர் வரும்போது அதிலுள்ள மந்திரி பதவியில் இருப்பதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் பக்கத்து வீட்டுக்காரனின் குரல் ரேடியோவில் வந்தால் யார்தான் முள்ளை வேறு பக்கம் திருப்புவார்கள்? கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் கேட்டிருக்கிறேன். ஓவர்சியர் ஒருவர் தன் மனைவியிடம் பசுமாட்டைப் பற்றி விசாரித்துவிட்டு, நேரம் முடிந்துபோனதால் அவளைப் பற்றி விசாரிக்காமல் விட்டதைக் கேட்டு, பாம்பூஃப்ளாட்டே அந்த அம்மாளுக்காக வருத்தப்பட்டது. அவள் அடுத்த நாள் கடைக்கு வந்தபோது எல்லோரும் வருத்தத்தைத் தெரிவித்தார்கள். அவள் பிறகு கடைக்கு வரவில்லை.

இனி நான் சொல்லப்போவது உன் சித்தி தனத்தைப் பற்றி. அவள் கப்பலில் ஊருக்குப் போனாள், பிறகு திரும்பவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரியும். உனக்கு அப்போது நடக்கத் தெரிந்தும் நடக்காத வயது. நாள் முழுக்க அவள் இடுப்பில்தான் இருப்பாய். அவள் இடதுகையால் உன்னைப் பிடிக்க மாட்டாள். அந்த மணிக்கட்டு ஒருமுறை ஒடிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. அவளைக் கட்டியவன் திருநெல்வேலிப் பக்கம் ஜவுளி வியாபாரம் செய்தவன். அதிர்ந்து பேசமாட்டான், கோயில் காரியம் என்றால் முதல் ஆளாக நிற்பான். அவனைப் பற்றி ஊரில் ஒருவரும் குறை சொன்னதில்லை. குறை சொல்லக்கூடிய ஒரே ஆளின் கையைத்தான் அவன் ஒடித்திருந்தான். கடைசியாக ஒருநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு கிளம்பி, சென்னைக்குப் போய், பங்க் வகுப்பின் அடுக்குப் பலகையில் படுத்தபடி கடலைத் தாண்டி, சித்திரை மாதக் கப்பலில் எங்களிடம் வந்து சேர்ந்தாள். "அக்கா, நான் இங்க இல்லன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவன் எனக்குக் கடிதம் எழுதினான். நான் பதறியடித்து, காணவில்லையா, கிணறு குளமெல்லாம் தேடினீர்களா என்று பதில் எழுதினேன். அவன் நம்பினான். நான் எழுதியதற்காக நம்பவில்லை. ஒரு பெண் தனியாக டிக்கெட் எடுத்துக் கப்பலேறிக் கடல் தாண்டுவாள் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனுடைய அந்த அபிப்பிராயம்தான் அவளுக்கு இருந்த ஒரே கோட்டைச் சுவர். அது நல்ல கனமான சுவர். அதை இடித்தது அவன் இல்லை.

உன் அப்பா அப்போது கார் நிக்கோபாரில் வேலையாக இருந்தார். நான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஃபெரி ஏறிப்போய் அவரோடு வயர்லெஸ்ஸில் பேசுவேன். தனத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவருக்கு ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். உன் அப்பா எச்சரிக்கையானவர். எச்சரிக்கையானவர்களிடம் உள்ள சிக்கல், அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். பேசாமல் இருந்தால் போதும் என்ற இடத்தில் அவர் ஒரு ரகசிய ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். தனத்துக்கு 'ட்ரங்குப் பெட்டி' என்று பெயர் வைத்தார். முதல் வாரம், "பெட்டி பத்திரமா இருக்கா? ஓவர்" என்று கேட்டார். இதில் ஒரு குற்றமுமில்லை. இரண்டாம் வாரம், "பெட்டியை வெளியில அனுப்பாத, ஓவர்" என்றார். அதையும் ஊர் பொறுத்துக்கொண்டது. ஆடி மாதத்தில் அவளுக்கு மலேரியா வந்தது. அது யார் சொல்லியோ அவர் காதுக்குப் போயிருந்தது. அந்த வியாழக்கிழமை எடுத்த எடுப்பில், "பெட்டிக்குக் காய்ச்சல் விட்டுருச்சா? கஞ்சியாவது குடிக்குதா? ஓவர்" என்று கேட்டார். நான் மழையைப் பற்றிச் சொன்னேன். "மழை கிடக்கட்டும், பெட்டி அழுதுச்சாமே? ஓவர்" என்றார்.

அன்று நான் ஃபெரியை விட்டு இறங்குவதற்குள் மொய்து காக்காவின் டீக்கடையில் விஷயம் காய்ச்சி இறக்கப்பட்டிருந்தது. அந்தக் கடை ரேடியோதான் கரையோரத்திலேயே பெரியது. காக்கா கிளாஸைக் கழுவிக்கொண்டே, "பாபி, ட்ரங்க் கோ புகார் ஹை க்யா?" என்று கேட்டார். ட்ரங்குப் பெட்டிக்குக் காய்ச்சலா என்று அவர் கேட்டதும் பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. மரம் வெட்ட ஆள் பிடித்துக்கொடுக்கும் கான்ட்ராக்டர் அண்ணாச்சி, நம் ஊர்ப்பக்கத்துக்காரர், என்னைக் கூடப் பிறந்தவளாக நினைத்தவர், தொடையில் தட்டிக்கொண்டு, "தங்கச்சி, பூட்டுல விளக்கெண்ணெய் தடவு, காய்ச்சல் இறங்கிரும்! சாவியை நாக்குக்கு அடியில வச்சுப் பாத்தியா?" என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் போனால் சந்தேகப்படுவார்களே என்று சிரித்தேன். பிறகு உண்மையாகவே சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது தனமும் சிரித்தாள். அவள் அந்த வீட்டுக்கு வந்தபின் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். பிறகு ஒவ்வொரு வியாழனும் பாம்பூஃப்ளாட் பெட்டிக்காகக் காத்திருந்தது. பெட்டியின் உடல்நிலை தேறிவந்ததில் பொதுமக்கள் மனநிறைவு அடைந்தார்கள்.

மகனே, ரகசியத்தை மூடி வைத்தால் ஒருவரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அதற்கு ஒரு வேடிக்கையான சட்டை தைத்துப் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். உன் கெட்டிக்காரத்தனத்தை நீ ஆபீஸில் காட்டு. வீட்டு விஷயத்தில் மந்தமானவனாக இரு. மழை, காற்று, படகு வந்தது, படகு வரவில்லை. கேட்கிறவனுக்குக் கொட்டாவி வரும்படி பேசு. உன் மனைவிக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். அவளுக்குச் சொல்லவேண்டியதை எழுதி, நன்றாக ஒட்டி, தபாலில் போடு. தெரிந்தவர் போகிறார் என்று அவர் கையில் கொடுக்காதே. கையில் கொடுக்கும் கடிதத்தை ஒட்டிக் கொடுத்தால் கொண்டுபோகிறவருக்கு அவமானம் என்று இங்கே ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையைக் காப்பாற்றும் பொறுப்பு உனக்கு வேண்டாம்.

ஐப்பசியில் கான்ட்ராக்டர் அண்ணாச்சி ஆள் பிடிக்க மெயின்லேண்ட் போனார். திரும்பிவரக் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில், சென்னைத் துறைமுகத்துப் பக்கம் நம் ஆட்கள் தங்கும் சத்திரத்தில் இருந்தார். தனத்தின் புருஷன் சரக்கு எடுக்க அடிக்கடி சென்னைக்கு வருகிறவன். வந்தால் அந்தச் சத்திரத்துக்கும் வந்து உட்காருவானாம். அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள். மனைவியைக் காணவில்லை என்று சொல்லவில்லை. எங்களைத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவுமில்லை. மரம் என்ன விலை, அங்கே அரிசி கிடைக்குமா என்று பேசுவான். வெற்றிலை வாங்கித் தருவான். தீவுக்காரர்களுக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டால் போதுமே. ஒருவர் கார் நிக்கோபாரிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசுவதை ஊரே கேட்கும் அதிசயத்தைச் சொன்னார். இன்னொருவர் பாம்பூஃப்ளாட்டில் திருநெல்வேலிக்காரர் வீடுகள் எங்கெங்கே என்று சொன்னார். அண்ணாச்சி பெட்டிக்குக் காய்ச்சல் வந்த கதையைச் சொன்னார். அண்ணாச்சி சொன்னால் அந்தக் கதையில் பெட்டி இருமும், முனகும், கஞ்சியில் உப்பில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அவன்தானாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெட்டி எந்தக் கப்பல்ல அண்ணாச்சி வந்துச்சு?" என்று கேட்டானாம். "சித்திரைக் கப்பல்ல" என்றாராம் இவர். அவர்களில் எவரும் ரகசியத்தை வெளியிடவில்லை. எவரிடமும் ரகசியம் இருக்கவில்லை. ஆளுக்கொரு சில்லு வைத்திருந்தார்கள்; சேர்த்து ஒட்டிப் பார்க்கப் பொறுமையுள்ள ஒருவன் வந்து உட்கார்ந்தான்.

அதே கப்பலில் அவனும் ஏறினான். கப்பலில் ஒருவரிடம் கேட்டதை அடுத்தவரிடம் சொன்னான்: பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பப்பாளி நிற்கிறது, பையனுக்கு இன்னும் பேச்சுத் திருந்தவில்லை, வீட்டுக்காரர் கார் நிக்கோபாரில். இவ்வளவு தெரிந்தவன் சொந்தக்காரனாகத்தானே இருக்க வேண்டும்? இறங்கும்போது அவன் எங்களுக்கு நெருங்கிய உறவு என்பது கப்பல் முழுவதும் அறிந்த உண்மையாகியிருந்தது. உன்னைப் பற்றி நிறையத் தெரிந்துவைத்திருப்பவன் உனக்கு வேண்டியவன் என்று நினைக்காதே. அவன் சிரமப்பட்டிருக்கிறான் என்று மட்டும் நினை. ஏன் சிரமப்பட்டான் என்று கேள்.

அண்ணாச்சியே அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறெந்த மனிதன் முகத்திலும் கண்டதில்லை. "தங்கச்சி! யாரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் பாரு! உம்பேரைச் சொன்னதும் மனுசன் எப்படித் துடிச்சுப் போயிட்டாரு!" என்றார். அவன் செருப்பை வெளியே ஒழுங்காக விட்டு, "மைனி, சுகமா இருக்கீங்களா? கருப்பட்டி கொண்டாந்திருக்கேன்" என்றான். தனம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். உன்னை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள். நீ அழுதாய்.

அந்த வியாழக்கிழமை நான் வயர்லெஸ்ஸில் உன் அப்பாவிடம் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. "அவளை அனுப்பாத. நான் வர்ற வரைக்கும் அனுப்பாத. ஓவர்" என்று கத்தினார். ஆனால் அவரை ஏற்றிவரும் படகு அந்த மாதம் இல்லை. அதற்குள் பாம்பூஃப்ளாட் விசாரணையைத் தொடங்கிவிட்டது. இத்தனை மாதமாகப் பெட்டியின் கதையைக் கேட்டுவந்தவர்களுக்கு அதன் முடிவில் உரிமை இருந்தது. எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் நல்லதே சொன்னார்கள். "கடல் தாண்டி வந்திருக்கான், வேற எந்தப் புருசன் வருவான்?" என்றார்கள். மொய்து காக்கா அவனைத் தனியே அழைத்துப்போய் டீ கொடுத்து, இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று அல்லா பெயரிலும் முருகன் பெயரிலும் வாக்கு வாங்கி வந்தார். நான், அவள் கையை எடுத்துக் காட்டினேன். அண்ணாச்சி பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, "பழசைக் கிளறாத தங்கச்சி. ஊரு முன்னால வாக்குக் குடுத்திருக்கான். இத்தனை பேர் சாட்சி இருக்கோம், என்ன பண்ணிருவான்?" என்றார்.

அவள் வெளியே போனால் பிள்ளைகள் பின்னாலேயே வந்து பெட்டி, பெட்டி என்று கூப்பிட்டார்கள். பெண்கள் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். நான் அவளிடம், எவன் என்ன சொன்னாலும் நீ இங்கேதான் இருக்கிறாய் என்றேன். அவள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "இல்லக்கா. அங்க என்னை அவனுக்கு மட்டும்தான் தெரியும். இங்க எல்லாருக்கும் தெரியும். இனி இதுல எங்க போய் இருக்க?" என்றாள். நான் சத்தம் போட்டேன். வாசலில் நின்றிருந்தவர்கள், அக்காள் தங்கையைச் சத்தம் போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

கப்பல் புறப்பட்ட அன்று சாத்தம் ஜெட்டித் துறையில் அவளை வழியனுப்ப வந்த கூட்டத்தைக் கண்டு, எந்தப் பெரிய அதிகாரி மாற்றலாகிப் போகிறார் என்று சிலர் விசாரித்தார்கள். பூ கொண்டுவந்தார்கள். வழிக்கு ஊறுகாய் கொடுத்தார்கள். அவன் எல்லோரையும் கும்பிட்டான். அவள் மேலே ஏறித் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இதை நான் உனக்கு இத்தனை வருஷம் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் நீ யாரிடமாவது சொல்வாய். நல்ல மனதோடுதான் சொல்வாய். உன் விஷயத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் பேசு, அதன் நஷ்டம் உனக்கு. உன் மனைவியின் இருப்பும், அவள் தனியாக இருக்கும் நேரமும், அவள் உடம்பும், அவள் பயமும் உன்னுடையவை அல்ல. அவை உன்னிடம் கொடுத்து வைக்கப்பட்டவை. கார் நிக்கோபாரில் உன்னோடு தங்கியிருப்பவர்கள் நல்ல பையன்கள் என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும். அவர்களுக்கும் லீவு வரும், அவர்களும் சென்னையில் கப்பலுக்குக் காத்திருப்பார்கள், பக்கத்தில் யாராவது வெற்றிலை நீட்டுவார்கள். ஒருமுறை ஓவர் என்று சொன்னபிறகு சொன்னதைத் திரும்பக் கூப்பிட ஒரு வார்த்தை அந்த ஆபீஸில் இல்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

கப்பல் போன மூன்றாம் நாள் சாயங்காலம் நான் விறகு வாங்க வெளியே வந்தேன். மொய்து காக்காவின் கடையில் கூட்டம் இருந்தது. ரேடியோ அணைந்திருந்தது. அண்ணாச்சி பெஞ்சின் ஓரத்தில் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எதிரே வந்த பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். விறகுக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விறகை அடுக்கிவிட்டு உனக்குச் சோறு ஊட்டினேன்.

பெண் பயணி ஒருவர் மேல்தளத்திலிருந்து தவறிக் கடலில் விழுந்துவிட்டதாகவும், தேடியும் கிடைக்கவில்லை என்றும், கணவர் பயணத்தைத் தொடர்கிறார் என்றும் கப்பலிலிருந்து வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லியிருந்தார்கள். ஆபீஸிலிருந்து ஆள் வந்து அதை முறைப்படி எனக்குத் தெரிவித்தது மறுநாள் மத்தியானம். பாம்பூஃப்ளாட்டுக்கு அது முந்தின நாள் சாயங்காலமே தெரியும்.